கோப்புப் படத்தில் மூழ்கிய சம்பா

செய்தியைச் சொல்லாமலே, அது உள்ளே இருக்கிறது என்று நம்பவைத்து ஆளை உள்ளே இழுக்கிற தொழிலுக்குத்தான் இணையச் செய்தி என்று பெயர். எதையோ தட்டித் திறந்து, நான்கு விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் திட்டிக்கொண்டே வெளியே வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் திட்டிய ஆட்களில் நானும் ஒருத்தி. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இதழியல் படிக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கும் செய்தித் தளத்துக்கு ஜூன் மாதத்திலிருந்து பயிற்சிக்குப் போனேன். அந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு செமஸ்டர் முடியாது. அங்கே பட்டதைத்தான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எண்ணுக்கு முந்நூறு சொல்

முதல் நாளே கையில் கொடுத்தது மேட்டூர் அணையின் நீர்மட்டம். தினமும் காலையில் ஒரு எண் வரும். நேற்று இத்தனை அடி, இன்று இத்தனை அடி. ஒரு வரியில் முடிகிற சமாசாரம். ஆனால் ஒரு வரிச் செய்தியை கூகுள் மதிக்காது என்பது எங்கள் பொறுப்பாசிரியர் பாஸ்கர் சாரின் கொள்கை. முந்நூறு சொல் வேண்டும், அதில் 'மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று' என்ற தொடர் ஏழு தடவை வர வேண்டும். அந்த அணை எந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது என்று டெல்டாக்காரர்களுக்கே தினமும் விளக்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் அலுவலக ஃபோன் அடித்தது. மயிலாடுதுறைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையிலிருந்து ஒரு விவசாயி. தினமும் எங்கள் செய்தியைப் படிக்கிறவராம். எனக்குப் பெருமையாகிவிட்டது, நான்தான் எழுதுகிறேன் என்று உடனே சொல்லிக்கொண்டேன். அவர் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "அணையில எவ்வளவு இருக்குன்னு தெனம் எழுதுறீங்கம்மா. எங்க வாய்க்கால்ல எவ்வளவு இருக்குன்னு ஒரு நாளாவது வந்து பாருங்களேன்."

லீவா, இல்லையா

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதிகாலையில் எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி, யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் தலைப்பிலேயே தெரிகிற மாதிரி எழுதினேன். இந்த இரண்டு மாவட்டங்களில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை, அவ்வளவுதான். பாஸ்கர் சார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தலைப்புலயே எல்லாத்தையும் சொல்லிட்டா உள்ள எவன் வருவான்?" என்று அவரே மாற்றினார். 'கொட்டும் மழை... பள்ளிகளுக்கு விடுமுறையா? கலெக்டர் எடுத்த அதிரடி முடிவு!' என்று ஆனது. மாவட்டத்தின் பெயர் ஆறாவது பத்தியில் இருந்தது.

அன்று செய்திக்குக் கீழே ஒரு தாய் எழுதியிருந்த கருத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பாஸ்கர் சார் அதை உடனே நீக்கிவிட்டார். நான் அதற்கு முன்பே படித்துவிட்டேன்: "கீழ வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்து எங்க மாவட்டத்துக்கும் லீவுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள புள்ள நனைஞ்சுகிட்டே ஸ்கூல் வாசல்ல நிக்கிறான், நீங்கல்லாம் நல்லா இருப்பீங்க."

கதிரு தெரியணும்

என் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கத்தில். பொங்கலுக்குப் போனவள், விடாத மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் பெய்து ஓய்ந்தபோது வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. வயலில் நின்ற தண்ணீர் நகரவே இல்லை. அறுப்புக்குப் பதினைந்து நாள்கூட இல்லாத சம்பா, கதிரோடு சாய்ந்து தண்ணீரில் படுத்துக் கிடந்தது. எங்கள் தெரு சரோஜா அக்கா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்த வயலும் அதில் ஒன்று. வாய்ப்பேச்சுக் குத்தகை. எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கிற குழு வந்து, வயலில் ஆளையும் பயிரையும் பார்த்து எழுதினால்தான் அவருக்கு நிவாரணம். குழு வரப்போகிற ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. மேடான பகுதி, தண்ணீர் நிற்காது என்று யாரோ எழுதிவிட்டார்களாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதைச் செய்தியாக்கி அந்தப் பட்டியலில் ஊரைச் சேர்க்க வைக்காவிட்டால் நான் என்ன படித்து என்ன என்று தோன்றியது. முழங்கால் சேற்றில் இறங்கி, வயல், வரப்பு, அடைத்த வாய்க்கால் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டேன். வரப்பில் நின்றிருந்த அக்காவை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்: "என் மூஞ்சி எதுக்கு? கதிரு நல்லா தெரியற மாதிரி எடு. தண்ணி எல்லா ஊருலயும்தான் நிக்குது."

அகலமான படம்

மறுநாள் தஞ்சாவூர் வந்து எழுதிக்கொடுத்தேன். பாஸ்கர் சார் படித்துவிட்டு "நல்லா வந்திருக்கு, செல்வி" என்றார். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நான் குளிர்ந்துபோனேன். மதியம் செய்தி வெளியாகிவிட்டது, என் பெயரோடு. வகுப்பிலிருந்தபடியே லிங்க்கை எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன், ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன், சரோஜா அக்காவுக்கும் அனுப்பினேன். என் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம்தான் சரியாகத் திறந்து பார்த்தேன். தலைப்பு: 'கதறி அழுத பெண் விவசாயி... நெஞ்சை உருக்கும் காட்சி!' அக்கா அழவே இல்லை. அழுவதற்கு அவருக்கு நேரமும் இல்லை. அதற்குக் கீழே பெரிதாக ஒரு படம். தண்ணீருக்குள் நுனி மட்டும் தெரிகிற பச்சைப் பயிர், நட்டுப் பத்து நாள்கூட ஆகாத இளம்பயிர். எந்த வருஷமோ, எந்த ஊரோ. கோப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கோப்புப் படம் என்று ஒரு வார்த்தைகூடக் கீழே இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினேன். என் படங்களை ஏன் போடவில்லை என்று கேட்டேன். எல்லாம் நெட்டுக்குத்தாக எடுத்தவையாம், தளத்துக்கு அகலவாட்டுப் படம்தான் பொருந்துமாம், கலங்கல் தண்ணீரில் பழுப்பாகச் சாய்ந்து கிடக்கிற நெல் கண்ணைக் கவராதாம். தை மாதத்தில் எங்கே சார் நடவு நடக்கிறது, இந்தப் படத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சிரிக்குமே என்றேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை: "நெல்லுன்னா நெல்லுதானம்மா. லிங்க் நல்லா ஓடிக்கிட்டிருக்கு, இப்பப் போய் கை வைக்காத."

வி.ஏ.ஓ. கண்ணாடி போட்டுப் பார்த்தார்

அடுத்த நாள் காலை பத்து மணிக்குச் சரோஜா அக்கா ஃபோன் செய்தார். செய்தி வந்துவிட்டதே என்று, தன் ஃபோனை எடுத்துக்கொண்டு நேரே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் செய்தி வந்தால் அதிகாரி மறுக்க முடியாது என்று அவருக்குச் சொன்னவளே நான்தான். வி.ஏ.ஓ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அவரும் விவசாயக் குடும்பம், அவருக்குத் தெரியாதா? தை மாசத்துல நாத்து நட்டது யாரும்மா என்று கேட்டிருக்கிறார். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள்.

அந்த மனிதர் மேலே எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பத்து நிமிஷம் நடந்தால் வயல். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் நாங்களே அவர் கையில் கொடுத்தது. அக்கா அதை அப்படியே, குரலில் கோபமே இல்லாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார்: "பத்திரிகைக்காரங்க போட்ட படமே பொய்யா இருக்கு, நீ சொல்றத மட்டும் நான் எப்படிம்மா நம்புறது?"

ஒத்துக்கொள்ளாதே

திருத்தம் போடச் சொல்லி பாஸ்கர் சாரிடம் சண்டைக்கு நின்றேன். படம் தவறு, அது இந்த ஊருடையது அல்ல, வருந்துகிறோம் என்று மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை வி.ஏ.ஓ.விடம் காட்டலாம். முடியாது என்றார். என் கண் முன்னாலேயே படத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி, நான் எடுத்ததைப் போட்டார். முதலிலிருந்தே அதுதான் இருந்தது என்கிற மாதிரி! அதற்குள் பழைய படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது. எனக்கு வாயில் நன்றாக வந்தது, மென்று விழுங்கினேன்.

விழுங்கினதோடு விடவில்லை. நானே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். செய்தியில் வந்தது வேறு இடத்துப் படம், பிழை எங்களுடையது, நான் எடுத்த படங்கள் இவை, எடுத்த நாளும் இடமும் இவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படங்களை அதே ஜெராக்ஸ் கடையில் அச்சுப் போட்டு இணைத்தேன். காலை முதல் பேருந்தைப் பிடித்து, சரோஜா அக்காவையும் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நகலை பாஸ்கர் சார் மேசையிலும் வைத்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம், சான்றிதழும் கிடையாது என்றார். பிறகு, எனக்கு நல்லது சொல்கிற குரலில் சொன்னார்: "தப்பு எல்லா ஆபீஸ்லயும்தான் நடக்குது செல்வி. அதை எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கற ஆளை எந்த ஆபீஸும் உள்ள விடாது."

அறுக்காமல் நின்ற வயல்

மனு கொடுத்து ஒரு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை. தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியது. என் அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். ஈரத்தில் இறங்குகிற பெல்ட் வண்டியைக் கொண்டுவருகிறேன், இப்போது அறுத்தால் கால்வாசியாவது வீடு வந்து சேரும் என்று அக்காவிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னார். உண்மையில் அக்காவுக்கும் அறுத்துவிடத்தான் ஆசை. ஆனால் அறுத்த வயலைக் குழு கணக்கில் எடுக்காது. குழு வரும்வரை பயிர் அப்படியே கிடக்க வேண்டும்.

நாங்கள் போட்ட அந்தப் படம் மட்டும் இல்லாமல் இருந்தால் குழு முதல் வாரமே வந்திருக்கும். மறுநாளே அவர் அறுத்திருப்பார். அப்பா மூன்றாவது தடவை போய்க் கேட்டபோது அக்கா சொன்னது இது: "அறுத்துட்டா அவங்க வந்து எதண்ணே பாப்பாங்க, மூழ்குனதுக்கு நான் வேற என்னத்த காட்டுவேன்?"

குழு வந்தது

மனு கொடுத்த பதினோராம் நாள் குழு வந்தது. சனிக்கிழமை, நானும் ஊரில் இருந்தேன். மூன்று அதிகாரிகள், கூடவே வி.ஏ.ஓ. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரம் மட்டும் கொஞ்சம் சகதி. என் கடிதம் அவர்கள் கோப்பில் இருந்ததைப் பார்த்தேன். இருந்தாலும் அதிகாரி ஒருவர் வரப்பில் நின்று வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணியே இல்லையேம்மா?" என்றார்.

அக்கா நேரே வயலில் இறங்கினார். சாய்ந்து கிடந்த நெல்லை ஒரு பிடி உருவி எடுத்து வந்து அதிகாரியின் கையில் வைத்தார். ஒவ்வொரு மணியிலும் விரல் நுனி நீளத்துக்குப் பச்சை முளை விட்டிருந்தது. வயல் முழுக்க அப்படித்தான். வி.ஏ.ஓ. கீழே பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். பட்டியலில் ஒருவழியாக அக்கா பெயர் ஏறிவிட்டது. அந்த வயலிலிருந்து ஒரு மூட்டைகூட வீட்டுக்கு வரவில்லை. அதிகாரி எழுதி முடித்ததும் அக்கா சொன்னார்: "தண்ணி இருந்துச்சுங்க. நீங்க வந்து பாக்கட்டும்னு அறுக்காம விட்டேன், நெல்லு நின்ன எடத்துலயே மொளைச்சிடுச்சு."

செய்தி வெளியான வாரம் எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்த செய்தி என்னுடையதுதானாம். படித்துவிட்டு நம்பியே ஆக வேண்டிய ஒரே ஒரு ஆள் மட்டும் அதை நம்பவில்லை.