சந்தனம் வைத்த லேப்டாப்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, லேப்டாப்தான் அவருக்கு வாய். சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். வலது கை விழுந்துவிட்டாலும் இடது கை விரல்கள் எழுத்தைத் தேடாமலே போய்த் தட்டும். போனில் விரல் வழுக்குகிறது என்று தள்ளிவிட்டார். லேப்டாப்பில் பெரிய பெரிய தமிழ் எழுத்தாக வரும். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னிக்கு ரசம் நல்லாருக்கு" என்று பேச்சு இருந்த காலத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. தட்டித்தான் சொன்னார்.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் மணையில் வைத்தேன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து, மூடிமேல் ஒன்று, ஓரத்தில் வரிவரியாக இருந்த இடத்தில் மூன்று என்று பொட்டு வைத்தேன். அது காற்று போகிற வழி என்று எனக்குத் தெரியாது. சில நாளில் லேப்டாப் உறுமியது. அப்புறம் சுட்டது. ஒருநாள் அணைந்தே போனது.

டில்லி ஜனக்புரியில் எங்கள் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்தார். விசிறியில் மஞ்சளாக ஒரு கட்டி. இது என்ன மாதாஜி என்று இந்தியில் கேட்டார். என் சந்தனம்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. தெரியாது என்று தலையாட்டினேன். பழைய மாடல், பாகம் கிடைக்காது, புதுசு வாங்குங்கள் என்றார்.

வீட்டில் அவர் சாப்பாட்டு மேஜையின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பழக்கம். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன், மெல்லிசாக, எடையே இல்லாத ஒன்றை ஆன்லைனில் அனுப்புவதாகச் சொன்னான். அவன் எது சொன்னாலும் சரி என்கிறவள் நான். அன்று மட்டும், "இருப்பா. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நீ என்னம்மா பாக்கப் போற?" என்று சிரித்தான்.

புதியதும் ஒருநாள் கெடும். கெட்டால் எத்தனை நாள் இவர் பேசாமல் இருக்க வேண்டும்? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. விற்கிற இடத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களுக்குப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் எப்படி என்று வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோமே, அப்படி. யாராவது கேட்டால், ஆள் வரணும் என்று சொல்லிவிடுவேன்.

முதல் இடத்தில் நல்ல ஏசி. ஆனால் மகன் சொன்ன அதே மெல்லிசு லேப்டாப்போடு காலையிலேயே நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் மூன்றாம் தடவையாம். ஒரு பட்டன் போனாலும் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டுமாம், பதினைந்து நாள் ஆகுமாம்.

இரண்டாவது இடம் மாடியில், பழைய மின்விசிறி. வந்தவர்கள் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் பயந்துகொண்டே கேட்டேன். தடித்த மாடலில் கீபோர்டு தனியாகக் கழன்று வரும், பாகம் டில்லியிலேயே இருக்கிறது, வீட்டுக்கே வந்து ஒரே நாளில் சரிசெய்வோம் என்றாள். அதுவே போதும் என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

புதியது வந்த அன்று அவர் முன்னால் திறந்து வைத்தேன். அவர் தட்டத் தொடங்குமுன், "ஏங்க, பழசைக் கெடுத்தது நான்தான். சந்தனம் உள்ள போயிடுச்சு" என்றேன்.

அவர் விரல் நகர்ந்தது. நான் எழுத்துக் கூட்டினேன்.

"பொட்டு வைக்கும்போதே பாத்தேன். சொல்ல வாய் ஏது? லேப்டாப் மணைல இருந்துச்சு."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறார்.

இந்த வருஷப் பூஜைக்கு அதன் மூடிமேல் காய்ந்த குங்குமமாக ஒரே ஒரு பொட்டு வைத்தேன். தீபாராதனை ஆனதும் எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். எழுதக் கூடாத நாள்தான். சரஸ்வதி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சுண்டலில் உப்பு கம்மி என்று தட்டினார்.