வர்வாரா எடுக்காத பிரதி

துலா நகரில் அச்சுக்கூடத் தரையைக் கூட்டத் தொடங்கி, சொந்தமாக மூன்று இயந்திரம் போட்டவன் நான். எந்தக் கிறுக்கலையும் அச்சுக் கோத்துவிடுவேன். நாவலாசிரியர் ரோதியோன் லூகிச்சின் கையெழுத்து மட்டும் எனக்கே பிடிபடாது. எழுதிய அவருக்கே மறுநாள் பிடிபடாது. அவர் மனைவி வர்வாரா நிக்கோனொவ்னாதான் அதைப் படித்து, முத்து முத்தாகப் பிரதியெடுத்துத் தருவார்.

இந்தக் குளிர்காலத்தில் அந்த அம்மா அவருடைய தாள்களைப் பிரதியெடுக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார்.

"கண்ணு போயிடுச்சு, எஃபீம் சீதொரிச். தெரிஞ்சா எழுதறதையே விட்டுடுவார். சொல்லிடாதீங்க."

"கூடவே இருக்கிறவருக்குத் தெரியலையாம்மா?"

"தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாத்தானே."

"கோழி கிளறின இதை நான் எப்படி அச்சடிக்க?"

"மெஷின் ரிப்பேர்னு சொல்லுங்க."

சொன்னேன். ரோதியோன் லூகிச் இன்னமும் தினம் எழுதி நீட்டுகிறார். அந்த அம்மா வாங்கிப் பெட்டியில் அடுக்குகிறார். அதைப் படிக்க இனி யாருமில்லை.