கசிமிரோவை ஓவர்டேக் செய்யக் கூடாது

கசிமிரோ குனிந்துவிட்டார் என்றால் பின்னால் வருகிற மொத்தக் கூட்டமும் நின்றுவிட வேண்டும். அவர் கல் பொறுக்குகிறார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை வெளுத்த சுண்ணாம்புப் பாறை. கல்லைத் தவிர வேறெதுவுமே இல்லாத மலை. ஆனாலும் அவருக்கு வாகான கல் சட்டென்று அகப்படாது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்து, "ம்ஹும், இது சரிப்படாது" என்று போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவார். பெரியதன் மேல் நடுத்தரம், அதன் மேல் சின்னது. அடுக்கி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே எவனும் வழி தவற மாட்டான்" என்பார். அதுவரை பனிக்காற்றில் மூக்கு ஒழுக நின்றவர்கள் நன்றியோடு மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

வழி பிரிகிற இடத்தில் மட்டும் அடுக்கினால் ஒரு நியாயம் இருக்கிறது. ஷூ கயிறு அவிழ்ந்த இடத்தில் ஒன்று, ரொட்டியும் பன்றித் தொத்திறைச்சியும் தின்ற இடத்தில் ஒன்று, கழுகைப் பார்த்த இடத்தில் ஒன்று, கழுகைப் பார்க்க முடியாமல் போன இடத்தில் இன்னொன்று. "மத்தவன் சுவத்துல பேரை எழுதுவான், இவரு கல்லை அடுக்குவாரு. நாய்க்கும் இவருக்கும் காலைத் தூக்குறது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பாள் விசி. விசி அவருடைய மனைவி. சொல்ல உரிமை உண்டு.

வல்தேலோபோ என்ற இந்த மலையூரிலிருந்து ரோந்தா நகரத்துக்குப் போகிற பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர் கசிமிரோ. அவர் ஓய்வு பெற்ற விஷயம் பேருந்துக்குத் தெரியும். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஊர் மலையேற்றக் கழகத்தை ஞாயிறுதோறும் அவர்தான் முன்னால் நின்று ஓட்டிச் செல்கிறார். அவரைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. நடுவழியில் அவசரம் என்றால், "ஸ்டாப் வரட்டும், இறங்கிக்கலாம்" என்பார். பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. நெற்றிக்கு மேலே, வலப்பக்கமாக, பேருந்தில் கண்ணாடி இருந்த இடத்தை ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஆகாயம்தான் இருக்கும். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று திருப்தியாக மேலே நடப்பார்.

எப்போது கேட்டாலும் உச்சிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். அடிவாரத்தில் கேட்டாலும் பத்து நிமிஷம், பாதி வழியில் கேட்டாலும் பத்து நிமிஷம். பேருந்து ஓட்டிய காலத்தில் ரோந்தா எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. உச்சிக்கு ஏறிவிட்டாலோ ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையைத் தெற்கே நீட்டி, "அதோ ஆப்பிரிக்கா!" என்பார். அவர் காட்டுவது பெரும்பாலும் மேகம். சும்மா சொல்லக் கூடாது, மேகத்தைக் காட்டுகிற அந்த விரலில் ஒரு கண்டத்தையே கண்டுபிடித்தவனின் கம்பீரம் இருக்கும். ராத்திரி வீட்டில் முழங்காலுக்கு ரோஸ்மேரி ஊறிய ஆல்கஹாலைத் தேய்த்துவிடுகிறபோது விசி அந்தக் கம்பீரத்தை நிறையவே கேட்டிருக்கிறாள். "மெதுவாடி, மெதுவா!"

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வண்டியில் அராசெலி வந்து ஏறினாள். ஊர் மருந்துக் கடைக்காரி. கசிமிரோவின் முழங்கால் தைலமே அவள் கடையில் வாங்குவதுதான். கையில் எப்போதும் போன், போனில் மலையின் வரைபடம்.

"தோன் கசிமிரோ, செயற்கைக்கோள் வேற பக்கம் காட்டுதே" என்பாள். அந்த ஊரில் பாதிரியாரைத் தவிர யாரையும் யாரும் 'தோன்' என்று மரியாதை அடைமொழி போட்டுக் கூப்பிடுவதில்லை. மரியாதை எவ்வளவு கூடுதலோ குத்தலும் அவ்வளவு கூடுதல்.

"அந்தச் செயற்கைக்கோள் என்னைக்காவது இந்த மலையில ஏறியிருக்கா, அம்மணி?"

"நீங்க போன வருஷம் எங்களை இறக்கினீங்களே, அந்த ஊர்ல யாராவது ஏறியிருக்காங்களா?"

போன வருஷம் கிழக்குப் பள்ளத்தாக்கில் இறங்குவதற்குப் பதில் மேற்கே இறக்கிவிட்டார். முன்பின் தெரியாத ஊரின் மதுக்கடையில் உட்கார்ந்து டாக்சிக்குப் போன் போட வேண்டியதாயிற்று. "இயற்கைக் காட்சிக்காகத்தான் சுத்தி வந்தோம்" என்பது கசிமிரோவின் விளக்கம். இயற்கைக் காட்சிக்கான டாக்சிக் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தவர்களுக்கு அந்த விளக்கம் அவ்வளவாக இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, கழகத்தார் மாட்டுக்கொட்டில் பொம்மைகளை ஃப்ரைலே சிகரத்தின் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது வழக்கம். ஆளுக்கொரு பொம்மை. அடுமனைக்காரன் ஃபெர்மினுக்கு மட்டும் இரண்டு, எருதும் கழுதையும். குழந்தை இயேசு மட்டும் முன்னால் நடக்கிறவரின் சட்டைப் பையில் வரும். உச்சியில் அதைத் தொட்டிலில் வைப்பதும் அவரேதான். இத்தனை காலமும் அது கசிமிரோவின் பை, கசிமிரோவின் கை. இந்த வருஷக் கூட்டத்தில் அராசெலி எழுந்து ஒரு வார்த்தை சொன்னாள்: "யாரு நம்மளை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேக்குறாங்களோ, அவங்களே குழந்தையை வைக்கட்டும். வர்ற வருஷமும் அவங்களே முன்னால நடக்கட்டும்." டாக்சி ஞாபகத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. ஃபெர்மின் தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கினான். கசிமிரோவும் தூக்கினார். தோற்போம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

நினைப்பெல்லாம் விசிக்குத்தான். பேருந்தின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் அழுததைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று அவர் நம்பினார். கேட்கவில்லை என்று அவளும் இன்றுவரை நடிக்கிறாள். முன்னால் நடப்பதும் போய்விட்டால் இந்த மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. குழந்தை பொம்மையைத் தன் கம்பளிக் காலுறையில் சுற்றி அவர் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

காலையில் வெயில். உச்சிக்குக் கீழே இருக்கிற பாறை மேடு வந்ததும் மூடுபனி இறங்கியது. வெள்ளைப் பாறை, வெள்ளைப் பனி. நீட்டிய கை மட்டும்தான் கண்ணுக்குச் சொந்தம். எல்லோரும் நின்றார்கள். கசிமிரோ ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக் கூட்டம் முழுசாக இருக்கிறதென்று உறுதிசெய்துகொண்டு, "இதுக்குத்தான் நான் கல்லு வச்சிருக்கேன். இப்பப் புரியுதா? என் பின்னாலயே வாங்க, பத்து நிமிஷம்!" என்றார். பல வருஷங்களாக அவர் காத்திருந்த மூடுபனி அது.

முதல் அடுக்கு கிடைத்தது. அங்கிருந்து இரண்டாவது. இரண்டாவது அடுக்கு ஒரு பாறைச் சுவரின் மடிப்புக்குள் கொண்டுபோய் விட்டது. காற்று படாத, பிறர் கண்ணும் படாத, கச்சிதமான மூலை. மேலே வழியில்லை.

ஃபெர்மின் எருதைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஏன்யா கசி, இது நீ ஒண்ணுக்கு ஒதுங்குற இடமில்ல?"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் இங்க ஆபத்தில்லை, தோன் கசிமிரோ. நல்ல தேர்வு" என்றாள் அராசெலி. மருந்துக் கடைக்காரியின் அக்கறை.

"சிரிங்க, சிரிங்க. அடுத்ததுதான் வழி." அவர் வேகமாக நடந்தார். விசி அவர் முதுகை விடாமல் பின்தொடர்ந்தாள். பனிக்குள் இன்னொரு அடுக்கு மங்கலாகத் தெரிந்தது. "பாத்தியா! பாத்தியா!" என்று அவர் எட்டி வைத்த காலடியில் ஒரு கல் பெயர்ந்தது. பெயர்ந்த கல் போன இடத்திலிருந்து சத்தமே வரவில்லை. வெகுநேரம் கழித்து, கீழே எங்கோ, டொக் என்றது.

விசி அவருடைய முதுகுப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுத்த இழுப்பில் அவர் பாறையில் உட்கார்ந்தே விட்டார். அடுக்கிய கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"பாவி மனுஷா! இங்க எதுக்கு வச்ச?" என்றாள் விசி.

"மலையாடு... குட்டியோட நின்னுச்சு. இங்கேர்ந்துதான் நல்லாத் தெரிஞ்சுது" என்றார் அவர். இவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று விசிக்குத் தோன்றியது. கசிமிரோ தன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. அப்புறம் கையை ஊன்றி எழுந்து, "அராசெலி, அந்தப் போனை எடு. நீ முன்னால போ" என்றார். வரிசை முழுவதையும் கடந்து கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

போய் நின்றவர் சும்மா வந்தாரா என்றால், அதுதான் இல்லை. "இடப்பக்கம் பிடி." "ஓரத்துல போகாத, ஓரத்துல போகாத." "அங்க வெடிப்பு இருக்கு, நிதானம்."

பனிக்குள்ளிருந்து அராசெலியின் குரல் வந்தது. "ஓட்டுநரோட பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு, தோன் கசிமிரோ!"

அந்தப் பலகையைத் தன் தலைக்கு மேலேயே தொங்கவிட்டுக்கொண்டு பேருந்தில் காலம் தள்ளியவர் அவர்.

உச்சியில் நட்டிருக்கும் நில அளவைத் தூண் தட்டுப்பட்டபோதுதான் அது உச்சி என்றே தெரிந்தது. ஆப்பிரிக்கா கிடக்கட்டும், பக்கத்தில் நின்ற ஃபெர்மினின் தொப்பை தெரியவில்லை. தூணின் அடியில் மரியாள், யோசேப்பு, எருது, கழுதை எல்லாம் வரிசைக்கு வந்தன. சோம்புச் சாராயப் புட்டி கைமாறியது. பன்றிக்கொழுப்பு பிஸ்கட்டைப் பிரித்த காகிதங்கள் சலசலத்தன. தொட்டில் மட்டும் காலியாக இருந்தது. எல்லோருடைய பார்வையும் ஒரே பையின் மேல் போய் நின்றது.

ஃபெர்மின் தொண்டையைக் கனைத்தான். "ரெண்டு பேரும் சேந்து வச்சா என்ன? சாமி கோவிச்சுக்கப் போகுதா?"

"பேச்சுன்னா பேச்சுதான். நானும்தானே கை தூக்கினேன்." கசிமிரோ ஜிப்பைத் திறந்தார். காலுறையைப் பிரிக்க அவர் விரல்களுக்கு நேரம் பிடித்தது. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் மேல், அராசெலியின் மேல், எல்லாவற்றையும்விட அந்த மலையாட்டின் மேல் விசிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் குழந்தையை அராசெலியின் கையில் கொடுத்தார்.

அராசெலி கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். குனிந்து குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். யாரோ பாட்டை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சுதி சேராமல் பாடத் தொடங்கினார்கள். ஃபெர்மின் பிஸ்கட் வாயோடு பாடினான்.

இரண்டாவது அடி பாடும்போது கசிமிரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முழங்கால் சொடக்கிடக் குனிந்து, சுண்டுவிரலால் குழந்தையை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்து, கையைத் தட்டிக்கொண்டார்.