வாளியில் போட்ட பாவங்கள்

போன வருஷம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஏழு பேர் தூங்கினார்கள். வேதப்பகுதியை வாசித்துக்கொண்டே நான்தான் எண்ணினேன். அது தனிப் பாவம். ஏழாவது ஆள் என் மாமியார். கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கிய இடத்துக்கு நான் வந்தபோது அவருடைய குறட்டையும் சரியாக வந்து சேர்ந்தது.

இந்த வருஷம் போதகரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்ச பிள்ளை. முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அர்த்தமுள்ளதா நீயே திட்டம் போடு" என்றார். அர்த்தம் பிறகு இருக்கட்டும், யாரும் தூங்கக்கூடாது என்று முடிவு செய்தேன். முக்கியமாக அத்தை.

இரண்டு வாரம் செல்போனில் தேடினேன். ஆளுக்கொரு சீட்டில் தன் பாவத்தை எழுதி, மெழுகுவர்த்தியில் எரித்துவிட்டு ஜெபிப்பது என்று ஒரு யோசனை கிடைத்தது. படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. நிமிஷக் கணக்கோடு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

அச்சாபீஸில் வேலை பார்க்கும் என் கணவர் அதை எடுத்துப் பார்த்தார். "ஜெபத்துக்கு நாலு நிமிஷம்னு போட்டிருக்க. ஆண்டவர் அஞ்சாவது நிமிஷம் வந்தா?"

அவர் கேலிதான் செய்தார். நான் அதை ஆறு நிமிஷமாகத் திருத்தினேன்.

போன வருஷம் கூட்டம் ஏழரை மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வந்ததால்தான் தூக்கம் என்று கண்டுபிடித்து, இந்த முறை ஐந்தே முக்காலுக்கு வைத்தேன். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். "வேன்ல இருந்து இறங்கினதும் நேரா வந்துருங்க" என்று வீடு வீடாகச் சொன்னேன். நான் காரியாபட்டியில் வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து நான்கு வருஷம் ஆகியும், வேலையிலிருந்து நேராக வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் பன்னிரண்டு மெழுகுவர்த்தி. காற்றில் அணைந்துவிடக்கூடாதே என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். எல்லோரும் சீட்டைக் கையில் வாங்கியதும் அடுப்பு லைட்டரோடு வந்து ஒரு தட்டுத் தட்டினேன். பற்றவில்லை.

முன்வரிசையில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுகாலமாகப் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை அவருக்கு.

"தாயி, என்ன செய்யப் போறீக?"

"மெழுகுவர்த்தி ஏத்தப் போறேன் அக்கா."

"குளிக்காம வந்திருக்கோம். சேலையெல்லாம் மருந்து. ஜன்னலை வேற சாத்திட்டீக. எங்களை ஒரே லோடா ஆண்டவர்கிட்ட அனுப்பப் பாக்கீகளா?"

அவர் முந்தானையில் மினுங்கியதை நான் அதுவரை ஜரிகை என்று நினைத்திருந்தேன்.

யாரும் கத்தவில்லை, யாரும் இடிக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் வரிசையாக முற்றத்தில் இருந்தார்கள். என் இரண்டு வயது மகளை ஒருத்தி இடுப்பில் தூக்கிப் போயிருந்தாள். முட்டுவலி என்று கோயிலில்கூட முழங்கால் போடாத அத்தைதான் முதல் ஆளாக வெளியே நின்றார். லைட்டரும் கையுமாக உள்ளே நின்றது நான் மட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுதீக? அதான் பத்தலையே" என்றார் அக்கா. "கழிவு மருந்தை நாங்க தண்ணியிலதான் போடுவோம். நனைஞ்சா அடங்கிரும். இதையும் அப்படிப் போட்டா என்ன? வாளியைக் கொண்டாங்க."

வாளி வந்தது. ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்று எழுதினார்கள். ஒருத்தி, "இன்னொரு சீட்டு இருக்கா? சுருக்கித்தான் எழுதுறேன், இடம் பத்தல" என்றாள். எழுதத் தெரியாதவர்கள் வெறும் சீட்டைக் கசக்கி, அதனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போட்டார்கள்.

பிறகு அந்த அக்கா ஜெபித்தார். காலையில் வேனில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் குளிக்க வீட்டுக்கு வந்துசேர வேண்டும் என்று கேட்டார். ஆறு நிமிஷம் தாண்டியது, பத்தும் தாண்டியது. கண்ணைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், மகள் வாளிக்குள் கைவிட்டு ஊரார் பாவங்களை எடுத்துத் தரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பறித்துப் பறித்துத் திரும்பப் போட்டேன். ஒன்று மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. பால்பாயின்ட் பேனா மை கரையவே இல்லை. 'மருமக எது செஞ்சாலும் குத்தம் சொல்றேன்.'

நிமிர்ந்தால் அத்தை.

"ஈரத்துல பிள்ளைய விட்டுட்டு என்ன..." என்று ஆரம்பித்தவர், என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து பிள்ளையைத் துடைத்தார்.

அது அத்தையின் எழுத்துதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அன்றைக்கு வந்தவர்களில் மருமகள் உள்ளவர்கள் ஐந்து பேர்.