ஒட்டடைக் கம்பு காத்த கதவு

மலை எனக்குக் கதவின் அளவில் வேண்டியிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்; எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் குளிருக்குப் பயந்து சாக்கால் அடைத்திருப்பார்கள். அதனால், இரண்டாயிரத்துக்குப் பிறகு லிந்துலைக்கு மேலே தேயிலை மலையை ஒட்டி எங்களுக்கென்று ஒரு தனி வீடு எழும்பியபோது, பின்பக்கத்துக்குக் கண்ணாடி வைத்த ஸ்லைடிங் கதவு கேட்டேன். சண்டை போட்டு வைத்தும்விட்டேன். விடிந்ததும் அதைத் தள்ளினால் பனி, பனிக்குள் தேயிலை, தேயிலைக்குள் அசையும் கூடைகள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்வரை அந்தப் பனி என் கண்ணுக்குள்ளேயே இருக்கும்.

என் கணவருக்கு அது கதவே இல்லை. அதோடு வந்த கொக்கி ஆட்டினால் கழன்றுவிடும். சாரதி வேலைக்கு அவர் சவூதி போவது முடிவானதும் அந்தக் கொக்கி அவர் மனதில் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் போனபின் வீட்டில் நானும் மகளும்தான்.

முதலில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கதவின் வெளிப்பக்கம் நாதாங்கி பொருத்தி, ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டார். லயத்தில் பூட்டு என்றால் வெளியேதான். வீட்டில் எல்லாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனபின் அது தொங்குவதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா காவலாக ஒரு கண் வைத்துக்கொள்ளும். இங்கேயோ ஆள் உள்ளே இருக்கும்போது பூட்ட வேண்டும். எனவே மாலை ஆறு மணிக்குக் குடையோடு பின்பக்கம் இறங்கி, பூட்டி, ஆட்டிப் பார்த்து, மழையில் வீட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக உள்ளே வருவார். காலையில் மறுபடி ஒரு சுற்று. லயத்துப் பிள்ளைகளான எங்கள் இரண்டு பேருக்குமே இதில் ஒரு கோணலும் தெரியவில்லை.

அடுத்த வீட்டு அக்காதான் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"என்ன தம்பி, டீச்சர உள்ள வச்சிப் பூட்டிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"களவுக்குப் பயந்துதாங்க்கா. காலம் கெட்டுக் கெடக்கு."

"கள்ளனுக்கு ஒரு திருப்புளி போதுமே. ஸ்க்ரூ எல்லாம் அவன் பக்கந்தானே இருக்கு."

அவர் அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தபடி நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுத்த வாரம் லாரியில் சுவர் கட்டுகிற சிமெந்து பிளாக் கல் வந்து இறங்கியது.

"எதுக்குங்க இது?"

"அந்தக் கதவு ஓட்டைய அடைச்சிட்டுத்தான் போவேன். ஒரு சின்ன ஜன்னல் வச்சிக்க."

சின்ன ஜன்னல். சாக்கு வாடை மூக்கில் ஏறியது. "நான் பத்திரமாக்கிக் காட்டுனா?" என்றேன். "காட்டு, பாப்போம்" என்று சிரித்தார். எப்படிக் காட்டுவது என்று எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது கம்பின் தலைத் தும்பு கழன்றது. கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கயிறு தேடப் போனேன். கல் அடுக்க அளவு பார்ப்பதற்காக அவர் மம்பட்டியோடு பின்பக்கமாக வந்து, கதவைத் தள்ளினார். நான்கு விரல் நகர்ந்து நின்றது. தோளைக் கொடுத்தார். அசையவில்லை.

"ஏய் புள்ள, உள்ள என்னத்த வச்ச?"

வந்து பார்த்தேன். கதவு ஓடுகிற காடிக்குள் மூங்கில் கம்பு உருண்டு நீட்டிப் படுத்திருந்தது. ஒரு முனை சுவர்ச் சட்டத்தில், மறுமுனை கதவின் விளிம்பில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒட்டடைக் கம்புங்க."

அவர் சிரிக்கவில்லை. மம்பட்டியின் வாயைக் கதவுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கதவு அப்படியே காடியைவிட்டு எழும்பியது; அதை அணைத்துப் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார். கம்பு கிடந்தபடியே கிடந்தது.

வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது. "தம்பி, கதவையும் சவூதிக்குக் கொண்டுபோறீங்களா?"

கதவை மறுபடி மாட்டினோம். கதவு ஏறுவதற்கு மேல்காடியில் இடம் இருக்கப்போய்த்தானே எழும்புகிறது என்று தோன்றியது. நாற்காலியில் ஏறி, மேல்காடிக்குள் மூன்று ஸ்க்ரூவை முழுதும் முறுக்காமல், தலை கீழே நீண்டிருக்கும்படி விட்டேன். முதலில் அதிகம் நீண்டுவிட்டது, கதவு ஓடவேயில்லை. ஒவ்வொன்றாக அரைச் சுற்று மேலேற்றினேன். இழுத்தால் ஓடியது, தூக்கினால் ஸ்க்ரூத் தலையில் முட்டியது. கம்பின் முனையில் நான்கு விரல் கட்டை ஒன்றைக் கட்டி, அந்த இடைவெளியையும் அடைத்தேன்.

அவர் வெளியே போய் மூன்று தரம் நெம்பிப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கற்குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப இந்தக் கல்ல என்ன செய்ய?"

"படி கட்டுங்க. குடையோட நீங்க வழுக்கி வழுக்கி எறங்குன எடத்துல."

கட்டினார். பூட்டைக் கழற்றித் தன் பயணப் பெட்டிக்குப் போட்டுக்கொண்டார். சவூதியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் போனில் நலம் விசாரிக்கும் முன்பே, "கம்ப வச்சியா?" என்பார். வைத்துவிட்டேன் என்பேன். வேறு கம்பு வாங்கச் சோம்பல்; கூரையின் மூலைகளில் ஒட்டடை நிம்மதியாக வளர்ந்தது.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஒரு காலை வந்தார். முன்வாசலுக்கு வரவில்லை. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனியில் நின்று, முதலில் கதவைத் தள்ளினார். பிறகு தூக்கிப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே நின்ற என்னை அவர் இன்னும் பார்க்கவில்லை. தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தட்டினார். நான் குனிந்து கம்பை எடுத்தேன்.