கோர்ட்டுக்குப் போகாத ரெட்டைச் சடை

வக்கீல் தொழிலில் வாய் வலிக்கும் என்பார்கள். நான் கடைசியாகப் போய் மாட்டிக்கொண்ட கிளையில் வலித்தது, உட்காருகிற இடம்.

நாற்பத்து மூன்று வருஷம் திருச்சி கோர்ட்டில் நின்றபடியே கத்தியவன் நான். நான் வாயைத் திறந்தால் ஜன்னலில் இருக்கும் புறாவெல்லாம் கொள்ளிடம் தாண்டிப் போய்த்தான் உட்காரும். ஒரே ஒரு புறா மட்டும் நகராது. விசாரித்ததில், அதற்குக் காது கேட்காது.

எழுபத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்ரீரங்கத்தில் சும்மா கிடந்தபோது, என்னிடம் ஜூனியராக இருந்த ஆயிஷா வந்து கூப்பிட்டாள். விவாகரத்துக்குச் சண்டை போடாமல், புருஷன், பெண்டாட்டி, ஆளுக்கொரு வக்கீல் என்று நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிக்கிற முறையாம். பேசி முடித்ததைக் கோர்ட்டில் இருவரும் சேர்ந்து சம்மத மனுவாகக் கொடுத்தால் போதுமாம். "இதுல உங்களுக்குப் பேசற வேலை கம்மி சார், கேக்கற வேலைதான் ஜாஸ்தி" என்றாள். அப்போதே எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

கல்யாணம் ஆகி, ஒரு நாளாவது 'போதும்டா சாமி' என்று முணுமுணுத்த வாசகர்களே, நாமெல்லாம் ஒரே படகு. நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

கையெழுத்து

எனக்கு வந்த கட்சிக்காரர் தனபால், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஆயிஷாவின் கட்சிக்காரர் அவர் மனைவி வளர்மதி, கணக்கு டீச்சர். ஒரே மகள் இனியா, பத்து வயது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் குவார்ட்டர்ஸில், இவர்கள் காட்டூர் வீட்டில். அதற்கு முன் நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் நேரே பேசிக்கொண்டதில்லை. 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு' என்று நடுவில் ஓடிய தபால்காரி, இனியா.

முதல் நாள் ஆயிஷா ஒரு ஒப்பந்தத்தை நீட்டினாள். பேச்சு முறிந்து யாராவது வழக்குப் போட்டால் நாங்கள் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். அவர்கள் புது வக்கீல் பிடித்து ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சண்டை வந்தால்தான் வக்கீலுக்குச் சோறு என்று நினைத்திருந்தவன் நான். இந்தக் காகிதத்தில் சண்டை வந்தால் வக்கீலுக்குத்தான் முதல் சீட்டுக் கிழிகிறது. பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எனக்கு முன்னால் வளர்மதி கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்: "எது வேணா விட்டுக்கொடுக்கறேன் சார். எம் பொண்ணைக் கோர்ட்ல நிக்க வெச்சு, அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது."

கெளுத்தி மீன்

இரண்டாவது உட்காரலில் யாரும் பேசவில்லை. தனபால் மேஜையின் ஆணியைப் பார்க்கிறார், வளர்மதி ஜன்னலைப் பார்க்கிறார். ஆயிஷா பொறுமையாக இருக்கிறாள், அமைதியும் பேச்சுதானாம். எனக்கு அதெல்லாம் ஒத்து வராது. ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன், டீ சொன்னேன், வந்த டீயை ஆற்றினேன். கடைசியில் ஒரு கதையை எடுத்துவிட்டேன்.

திருவெள்ளறையில் நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த கிணறு ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு படியில் இறங்கினவருக்கு அடுத்த படியில் இருப்பவர் தெரியமாட்டார். முகம் பார்க்க மாட்டோம் என்று வீம்பு பிடித்த ஒரு ஜோடியை அங்கே கூட்டிப்போய், ஆளுக்கொரு படியில் இறக்கி, கழுத்தளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் பேச வைத்துச் சமாதானம் செய்தேன், மேலே வந்தால் என் கோட்டுப் பையில் ஒரு கெளுத்தி மீன் துள்ளுகிறது என்று முடித்தேன். வளர்மதி, தான் பிறந்து வளர்ந்ததே திருவெள்ளறைதான் என்றும், அந்தக் கிணற்றில் தான் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஃபைலின் முதல் பக்கத்திலேயே சொந்த ஊர் எழுதியிருந்தது. நான் முதல் பக்கம் படிக்கிற வழக்கமில்லை. தனபாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமனார் ஊர்தான், பாசி உண்டு, கெளுத்திக்கு வாய்ப்பில்லை என்றார். ஆயிஷா என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னாள்: "அஞ்சு வருஷத்துல ரெண்டு பேரும் முதல் தடவையா ஒத்துப்போயிருக்காங்க சார், நீங்க பொய் சொல்றீங்கங்கறதுல."

திங்கட்கிழமைக் காலை

அதற்கப்புறம் மளமளவென்று ஓடியது. காட்டூர் வீடு தாய்க்கும் மகளுக்கும். காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, பரீட்சைக்கு யார் படிக்க வைப்பது, எல்லாம் எழுதியாயிற்று. வந்து முட்டியது ஞாயிறு இரவில்.

தனபாலுக்கு ஞாயிறுதான் விடுமுறை. சனி சாயங்காலம் மகளை அழைத்துப்போய்த் திங்கள் காலை பள்ளியில் தானே விட வேண்டும் என்றார். வளர்மதி, ஞாயிறு இருட்டுவதற்குள் பிள்ளை வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றார். காரணம், சடை. அந்தப் பள்ளியில் ரெட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். ஒருமுறை அப்பா வீட்டிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட குதிரைவாலோடு போனவளை, எல்லாரும் பார்க்க வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அன்று பிள்ளை அழுத அழுகையை மறக்க முடியாது என்றார் தாய். ஒரு சடைக்காக எனக்கு ஒரு ராத்திரி கிடையாதா என்றார் தகப்பன்.

குறுக்கே விழுந்தது நான். இதென்ன பெரிய வித்தை, என் இரண்டு பெண்களுக்கும் பன்னிரண்டு வருஷம் நானே பின்னிவிட்டேன், காவிரியில் வெள்ளம் வந்தபோது மூத்தவள் சடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் கரையேறினான், பின்னல் ஒரு பிரி நெகிழவில்லை என்றேன். வளர்மதி கணக்கு டீச்சர் என்பதை மறந்துவிட்டேன். "உங்களுக்கு ரெண்டும் பையன்தானே சார்? போன வாரம் நீங்கதான சொன்னீங்க."

பழக்க தோஷம்

அடுத்த உட்காரலிலும் ஞாயிறு இரவு அங்கேயே நின்றது. கரண்ட் வேறு போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று ஆயிஷா எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் பொறுத்தேன். சட்டைக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. எழுந்துவிட்டேன். எழுந்தால் கை தானாக, போடாத கோட்டை இழுத்து விட்டுக்கொள்கிறது. குரல் தானாக ஏறுகிறது. "பெத்த பொண்ணை நாலு வருஷம் தபால்காரியா ஓட விட்டது நீங்கதானே அம்மா? ஆமாவா, இல்லையா?" என்று வளர்மதியைக் கேட்டேன்.

அவர் அழவில்லை. கைப்பையை மூடினார். கோர்ட்டிலேயே இதைக் கேட்கச் சொல்லுங்கள், அங்கே பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று கதவு வரை போய்விட்டார். ஆயிஷா பேனாவை மூடி வைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண் படியிறங்கினால் நாங்கள் இருவரும் கழன்றுகொள்வோம். அங்கே என்னைப்போலவே ஒருவன் எழுந்து, இதே குரலில், தாயையும் தகப்பனையும் கிழிப்பான். கடைசியில் அந்தப் பத்து வயதுப் பிள்ளையை யாராவது கூப்பிட்டு, யார் வேண்டும் என்று கேட்பார்கள். எழுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் கால் ஆட்டத்தை நிறுத்தியது.

தனபால் எழுந்துபோய்க் கதவருகே நின்றார். மறிக்கவில்லை, பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். "உக்காருங்க சார். அவ மட்டும் இல்ல, நானுந்தான் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினேன்."

நாடா

வளர்மதி அன்று உட்காரவில்லை. ஒரு வாரம் யோசிக்கிறேன் என்று போனார். அந்த ஒரு வாரம் நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். செருப்பு தேய்ந்து, கடைசிச் சுற்றில் என் நிழல்கூட உட்கார்ந்துவிட்டது.

வந்தார். நான் ஒரு இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தனபால் மேஜையில் கிடந்த, கேஸ் கட்டு கட்டுகிற நாடாவில் ஆறு துண்டு எடுத்தார். காலி நாற்காலியின் முதுகில் மூன்று மூன்றாக முடிந்தார். பின்ன ஆரம்பித்தார். மடித்தார். பையிலிருந்து ரிப்பன் எடுத்துப் பூவாகக் கட்டினார். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், எண்ணெய் துடைக்கிற பஞ்சு நூலில் பழகினாராம். கூட வேலை செய்கிறவர்கள், 'தனபாலு, உன்னையப் பொண்ணு பாக்க வராங்களாப்பா?' என்று ஓட்டித் தள்ளிவிட்டார்களாம்.

வளர்மதி கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துபோய் ஒரு சடையை மொத்தமாக அவிழ்த்தார். எனக்கு மிட்டாய் தொண்டையில் இறங்கிவிட்டது. "காதுக்குப் பக்கத்துலேயே இறுக்கிப் பிடிக்கணுங்க. இது பிரேயருக்குள்ள அவுந்துடும்" என்றார். ஆயிஷாவிடம் அல்ல, அவரிடமே. நடுவில் தபால்காரி இல்லாமல். நாற்காலிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர், ஆளுக்கொரு சடை. எந்த விரல் மேலே, எது கீழே என்று கேள்வியும் பதிலும் ஓடியது. எனக்குக் கண் பொங்கியது. சரி, ஜோடி சேர்ந்தாயிற்று, விருந்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்கிற அளவுக்குப் போய் வாயைத் திறந்தேன். ஆயிஷா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். அதற்குள் வளர்மதியே ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு சொல்லிவிட்டார்: "ஆசைப்படாதீங்க சார். சடை பின்னச் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி அங்கேயே இருக்கட்டும். கையெழுத்து எங்க போடணும்?"

பள்ளிக்கூட வாசல்

சம்மத மனு போட்டு, சட்டம் சொன்ன ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி போய்ச் சம்மதம் சொல்லி, பிரிந்துவிட்டார்கள். ஜட்ஜ் கேட்டதும் இரண்டு கேள்வி, இவர்கள் சொன்னதும் இரண்டு பதில். இனியாவின் பெயர் காகிதத்தில் இருந்தது. இனியா வகுப்பில் இருந்தாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை, வீட்டில் பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் காட்டூர் போய்ப் பள்ளிக்கு எதிரே நின்றேன். பல் செட்டுக்கு என்ன வலி என்று என் சம்சாரம் கேட்டதை விடுங்கள். தனபால் வண்டியை நிறுத்தி மகளை இறக்கினார். என்னைப் பார்த்துவிட்டு, இவர்தான் அந்த வக்கீல் என்று அவளிடம் சொன்னார். கெளுத்தி மீன் தாத்தாவா என்று கேட்டாள். அம்மாவும் சொல்லியிருக்கிறாளாம், அப்பாவும் சொல்லியிருக்கிறாராம், மீன் மட்டும் அம்மா சொன்னதில் பெரிசாம். நான் அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது சடை காதுக்கு மேலே, வலது சடை தோளில் இடிக்கிறது. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்கே பாப்பா என்றேன், வாயை அடக்க முடியாமல். அவள் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமை அப்படித்தான் தாத்தா இருக்கும். இது அப்பா சடை."

ஜெயித்த கேஸ் எத்தனை என்று யாராவது கேட்டால் கூசாமல் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வேன், ஆனால் இந்த ஒன்றில் எனக்கு இருந்த வேலை சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும்தான், அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.