பாட்டு நின்ற இடங்கள்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வல்லம் வடகால் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்கு எங்களை ஏற்றிச் செல்லும் வேனில், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீரியோ அணைந்துவிடும். பாட்டு நின்றால் போகட்டும். வேன் இருக்கும் இடத்தை ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்குக் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் அதே நொடியில் அணையும். ஓட்டுநர் அதைப் பிடுங்கிவிட்டுத் தனிச் சவாரி அடிக்கிறார் என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை வேலை போகும். வேனுக்குள் பதினோரு பேர் இருந்தோம். எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் தொழிற்சாலை வாசலில் ஓட்டுநர் ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. வண்டிகளுக்கான ஒயர் தயாரிக்கும் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண் எட்டிப் பார்த்தாள். ஸ்டீரியோ ஒயரின் தோலைச் சீவி, ஜிபிஎஸ் ஒயரை அதில் முறுக்கி, டேப் ஒட்டியிருந்தார்கள்.

“யாருண்ணே இத மாட்டுனது? எங்க லைன்ல இப்படி முறுக்கி வச்சா மூஞ்சியில எறிஞ்சிருவாவ.”

“ஆபீஸ் ஆளு தாம்மா. பத்து நிமிசத்துல மாட்டிகினு, டீயும் குடிச்சிட்டுப் பூட்டான்.”

“அப்ப டீக்கே எட்டு நிமிசம் ஆயிருக்கும்.”

அவள் ஒயரை லேசாக அசைத்தாள். பாட்டும் கருவியின் பச்சை விளக்கும் ஒன்றாக அணைந்தன. விட்டதும் ஒன்றாக வந்தன.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ அவசரத்தில் செய்த இணைப்புக்கு ஒரு குடும்பத்தின் சோறு பணயமா? அன்றே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். காரணம், படம், பதினோரு கையெழுத்து. எதையும் மறைக்கக் கூடாது என்ற நேர்மையில், ‘ஓட்டுநர் எங்கள் முன்னிலையில் ஸ்டீரியோவைக் கழற்றி ஒயரைக் காட்டினார்’ என்றும் சேர்த்தேன்.

ஒப்பந்ததாரரின் மேலாளர் அந்த ஒரு வரியைத்தான் படித்தார்.

“கழட்டுனாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே சார். வேற இன்னா ப்ரூஃப் வேணும்?”

இரண்டு பக்கத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்டதை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மேலாளர் மீது வந்த கோபத்தைவிட என் மீது வந்தது இன்றுவரை தணியவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் ஓட்டுநர் புதியவரிடம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். தண்டலத்துல ஒரு காலேஜ் பஸ்ஸுக்குக் கேட்டுகினு கீறேன். அங்க ஒண்ணும் எழுதிடாதீங்க.”